வாழையடி வாழையாக வரும் வாடல்



இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டுகிறது. கையெழுத்து மாறுகிறது, ஊர் மாறுகிறது, கேள்வி மட்டும் மாறவில்லை. "வீட்டுக்குப் பின்னால் ரஸ்தாளி வைத்தோம். ஆள் உயரத்துக்கு மேல் செழிப்பாக வளர்ந்தது. குலை தள்ளப் போகும் சமயத்தில் அடி இலை மஞ்சளானது. இரண்டே வாரத்தில் இலையெல்லாம் ஒடிந்து தொங்கிவிட்டது. உரம் வைத்தோம், தண்ணீர் ஊற்றினோம், பயனில்லை. யார் கண் பட்டதோ தெரியவில்லை!"

கண் பட்டதால் வந்த வினை அல்ல அம்மா இது. கண்ணுக்குப் படாத ஒன்றால் வந்த வினை. அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

நாலு தூர் வாழை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு எத்தனை உதவி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. விருந்துக்கு இலை, பொரியலுக்குத் தண்டு, வடைக்குப் பூ, கோயிலுக்குச் சீப்பு. மிஞ்சிய தாரைச் சந்தையில் கொடுத்தால் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் கை கொடுக்கும். அப்படிப்பட்ட மரம் பூமி நனைந்து கிடக்கும்போதே தாகத்தால் வாடிச் சாகிறதென்றால், அதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நம் கடமையல்லவா?

மரத்துக்குள் ஓடும் குழாய்கள்

பால்மரம் சீவிப் பழகிய கைகளுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். பால் ஓடுவது பட்டையில். பட்டைக்கு உள்ளே இருக்கும் கட்டையில் அல்ல. கட்டையின் வழியாக ஏறுவது தண்ணீர். வேர் உறிஞ்சும் நீர், மிக நுண்ணிய குழாய்கள் வழியாக இலைவரை போய்ச் சேர்கிறது. பள்ளியில் நாங்கள் காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்தி வைப்பதுண்டு. சிறிது நேரத்தில் தண்டுக்குள் சிவப்புக் கோடுகள் ஏறும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தக் கோடுகள்தான் நீர்க்குழாய்கள்.

வாழையிலும் அப்படியே. வேரிலிருந்து கிழங்குக்கும், கிழங்கிலிருந்து மட்டைகள் வழியாக இலைகளுக்கும் ஆயிரக்கணக்கான குழாய்கள் ஓடுகின்றன. வாழைத்தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றிச் சுற்றி எடுக்கிறீர்களே சிலந்தி நூல்போல ஒன்று, அதுவும் இந்த நீர்க்குழாய்களைச் சேர்ந்ததுதான். அகலமான இலைகளைத் தாங்கி நிற்கும் வாழைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். குழாய் அடைபட்டால் மண்ணில் எத்தனை ஈரம் இருந்தும் என்ன பயன்? தலைக்கு மேல் வெள்ளம் ஓடினாலும் தொண்டை அடைத்தவனுக்குத் தாகம் தீராது.

மண்ணில் உறங்கும் பகைவன்

குழாயை அடைக்கக் காரணமானது பியூசேரியம் என்னும் பூஞ்சைக் காளான். பழைய சோற்றிலும் ஈரச் சுவரிலும் பூக்கிறதே பூஞ்சணம், அந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் முழுப்பெயர் பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம். இந்தப் பெயரில் மண்ணில் வாழ்பவற்றுள் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாதவை. மக்கிய இலை தழைகளைத் தின்று காலம் கழிப்பவை. சில மட்டுமே துஷ்டப் பிள்ளைகள். அவற்றிலும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பயிர். தக்காளியை வாட வைப்பது வாழையைத் தொடாது. வாழையை வாட வைப்பது தக்காளியை ஒன்றும் செய்யாது. வாழைக்கு உரியதை 'கியூபென்ஸ்' என்கிறார்கள். 1910-இல் எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கியூபா நாட்டிலிருந்து வந்த நோயுற்ற வாழையில் இதைக் கண்டு அந்த நாட்டின் பெயரையே வைத்தார்.

இது மண்ணில் எப்படி இருக்கிறது தெரியுமா? தடித்த ஓடு போர்த்திய நுண்வித்தாக உறங்கிக் கிடக்கிறது. வெயில், மழை, பட்டினி எல்லாவற்றையும் தாங்கும். வாழையே இல்லாத நிலத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியது. சில புல் பூண்டுகளின் வேருக்குள் எந்த அடையாளமும் காட்டாமல் குடியிருக்கவும் செய்கிறது.

வாழை வேர் மண்ணில் நீளும்போது அதிலிருந்து சர்க்கரை போன்ற சத்துகள் சிறிதளவு கசியும். அந்தக் கசிவு பட்டதும் உறங்கிக் கிடந்த நுண்வித்து விழித்துக்கொள்கிறது. முளை விட்டு, வேரின் மெல்லிய நுனிகள் வழியாகவோ காயம் பட்ட இடத்தின் வழியாகவோ உள்ளே நுழைகிறது. வேரின் சதைப்பகுதியைக் கடந்து நடுவிலுள்ள நீர்க்குழாயை அடைந்துவிட்டால், அதற்குப் பெரிய சாலை கிடைத்த மாதிரி.

உள்ளே நடக்கும் ஓட்டப்பந்தயம்

குழாய்க்குள் போன பூஞ்சை அங்கே புதிய நுண்வித்துகளைப் போடுகிறது. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நீளம்தான் இருக்கும். மேலே ஏறும் நீரோடு இவையும் ஏறுகின்றன. ஆனால் நீர்க்குழாய் ஒரே நீளமாகப் போவதில்லை. மூங்கிலுக்குக் கணு இருப்பதுபோல இடையிடையே சல்லடைபோன்ற தடுப்புகள் இருக்கின்றன. நுண்வித்து அங்கே சிக்கிக்கொள்ளும். சிக்கியது சும்மா இருக்குமா? அங்கேயே முளைத்து, இழைவிட்டுத் தடுப்பைத் தாண்டி, அப்பால் மறுபடியும் வித்துகளைப் போடும். அவை அடுத்த தடுப்புவரை மிதக்கும். இப்படிக் கட்டம் கட்டமாக ஏறுகிறது.

வாழையும் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள மறுபடியும் பால்மரத்திடம் போவோம். சீவிய வெட்டில் சில மணி நேரம் பால் வடிந்தபின் தானாகவே நின்றுவிடுகிறதல்லவா? பால் உறைந்து குழாய்வாயை அடைத்துக்கொள்கிறது. காயத்தை மரமே மூடிக்கொள்கிறது. வாழையும் பகைவன் வந்ததை உணர்ந்ததும் குழாய்க்குள் கூழ்போன்ற பசையைச் சுரக்கிறது. அதன்பின் குழாயை ஒட்டிய உயிரணுக்கள் பலூன் ஊதியதுபோல் குழாய்க்குள் உப்பி வழியை அடைக்கின்றன. அடைத்த இடத்தைச் சுற்றிப் பூஞ்சைக்கு ஒவ்வாத பொருள்களையும் சேர்க்கின்றன.

1960-களில் கார்ல் பெக்மன் என்ற தாவர நோய் அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் வாழை வேர்களை வெட்டி வெட்டி ஆராய்ந்து இதை விளக்கினார்கள். எதிர்ப்புச் சக்தி உள்ள வாழையில் இந்த அடைப்பு உடனே விழுகிறது. பூஞ்சை முதல் தடுப்பைத் தாண்டுமுன் கதவு சாத்தப்பட்டுவிடும். சில குழாய்களை இழந்தாலும் மரம் பிழைத்துக்கொள்கிறது. எதிர்ப்பில்லாத வாழையிலும் இதே பசை, இதே அடைப்பு எல்லாம் உண்டு. ஆனால் தாமதம். பசை நீடிக்குமுன் கரைந்துபோகிறது. பலூன் உப்புவதற்குள் பகைவன் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறான். வாழை பின்னாலேயே ஓடி ஓடிக் கதவைச் சாத்துகிறது. கடைசியில் மேலும் கீழும் எல்லாக் குழாய்களும் அடைபடுகின்றன. பூஞ்சையின் இழை பாதி அடைத்தது, மரம் தானே அடைத்தது பாதி! திருடன் உள்ளே வந்தபின் எல்லா அறைகளையும் பூட்டிக்கொண்டு வீட்டுக்காரரே தண்ணீர்ப் பானையிடம் போகமுடியாமல் தவிப்பதுபோன்ற நிலை.

இதனால்தான் உரமும் தண்ணீரும் இந்த நோய்க்கு மருந்தாவதில்லை. மரம் சாகும் தறுவாயில் பூஞ்சை குழாயை விட்டு வெளியேறி மட்டை, கிழங்கு எங்கும் பரவுகிறது. கணக்கற்ற தடித்த வித்துகளை உண்டாக்கி, மரம் மக்கும்போது மண்ணுக்குத் திரும்புகிறது. அடுத்த வாழைக்காக மறுபடியும் உறக்கம்.

ஒரு மரம் விரைவாகவும் இன்னொன்று தாமதமாகவும் விழித்துக்கொள்வது ஏன்? பகைவனை அடையாளம் காணும் திறமையில்தான் வித்தியாசம். இது தக்காளியில் தெளிவாகத் தெரிந்தது. வாடல் பூஞ்சை நீர்க்குழாய்க்குள் சில சிறிய புரதங்களைக் கசிய விடுகிறது. அவை அதன் நுழைவுக்கு உதவும் கருவிகள். சில தக்காளி ரகங்களிலுள்ள ஒரு மரபணுவுக்கு அந்தப் புரதத்தை மோப்பம் பிடிக்கத் தெரியும். பிடித்ததும் அபாயச் சங்கு ஊதிவிடும். 2004-இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ரெப் என்பவரின் குழுவினர் இத்தகைய புரதம் ஒன்றை இனங்கண்டார்கள். 2010-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதைவிட வியப்பானது. இந்தக் கெட்ட குணம் பூஞ்சையின் சில தனிக் குரோமோசோம்களில் இருக்கிறதாம். அவை தீங்கற்ற பூஞ்சைக்குப் போய்ச் சேர்ந்தால் அதுவும் தக்காளியை வாட்டக் கற்றுக்கொள்கிறது. சேரிடம் அறிந்து சேர் என்று நம் பாட்டி சொன்னது பூஞ்சைக்கும் பொருந்துகிறது பாருங்கள்!

ஒரே உடம்பு, ஒரே விதி

இப்போது வாழையின் பெரிய பலவீனத்துக்கு வருவோம். மணமக்களை 'வாழையடி வாழையாக' வாழ்க என்று வாழ்த்துகிறோம். தாய்மரத்தின் அடியில் கன்று, அந்தக் கன்றின் அடியில் இன்னொரு கன்று என்று வம்சம் தழைப்பதால் அந்த வாழ்த்து. ஆனால் விஞ்ஞானப்படி பார்த்தால் கன்று தாயின் பிள்ளை அல்ல. தாயின் உடம்பிலிருந்து பிரிந்த துண்டு. நாம் உண்ணும் வாழைக்கு முளைக்கும் விதை இல்லை. ஆகவே உங்கள் வீட்டு ரஸ்தாளியும் பக்கத்துத் தோட்டத்து ரஸ்தாளியும் ஏறக்குறைய ஒரே உடம்புதான். ஒரு பூட்டைத் திறந்த கள்ளச்சாவி எல்லாப் பூட்டையும் திறக்கும்.

இந்தப் பாடத்தை உலகம் பெரும் செலவு செய்து படித்தது. வாடல் நோயைப் பற்றிய முதல் குறிப்பு 1876-இல் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் பகுதியில் ஜோசப் பான்கிராப்ட் என்ற மருத்துவர் எழுதியது. பிறகு மத்திய அமெரிக்காவில் பல்லாயிரம் ஏக்கரில் ஒரே ரகத்தைப் பயிரிட்டார்கள். 'குரோ மிஷல்' என்பது அதன் பெயர். நாம் இங்கே பீசாங் எம்புன் என்கிறோமே, அதுதான். பனாமா நாட்டில் நோய் கடுமையாகத் தாக்கியதால் 'பனாமா நோய்' என்ற பெயரே வந்தது. 1960-ஆம் ஆண்டு வாக்கில் ஏற்றுமதித் தோட்டங்களில் அந்த ரகம் ஏறக்குறைய கைவிடப்பட்டது. அந்த இடத்துக்கு வந்தது கேவண்டிஷ். பேரங்காடிகளில் ஒட்டுச்சீட்டு ஒட்டி விற்கும் நீண்ட பழம் அதுவே. பழைய பூஞ்சையை அது தாங்கி நின்றது.

எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் 1967-இல் தைவானில் கேவண்டிஷும் வாடத் தொடங்கியது. பூஞ்சையில் புதிய வகை ஒன்று கிளம்பியிருந்தது. இப்போது அதை 'வெப்பமண்டல 4-ஆம் வகை' என்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பெரிய அளவில் போடப்பட்ட கேவண்டிஷ் தோட்டங்கள் இதனால் அழிந்தன. 1997-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதி, 2013-இல் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக், 2015-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து, 2019-இல் தென் அமெரிக்காவின் கொலம்பியா, 2021-இல் பெரு, 2023-இல் வெனிசுவேலா என்று அது நாடு நாடாகப் போய்விட்டது. நம் ஊர் பீசாங் பெராங்கானையும் அது விடுவதில்லை. ரஸ்தாளிக்கோ பழைய 1-ஆம் வகையே போதும்.

பூஞ்சைக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. பிறகு எப்படிக் கடல் தாண்டியது? மனிதன் சுமந்து போனான். கன்றிலும், மண் ஒட்டிய காலணியிலும், கருவிகளிலும் சுமந்து போனான்.

காட்டு வாழையின் காவல்

இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. வாழையும் அதன் பகைவனும் தென்கிழக்காசியாவில்தான் நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்தன என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். காட்டோரத்தில் விதை நிறைந்த சின்னப் பழம் காய்க்கும் காட்டு வாழையைப் பார்த்திருப்பீர்கள். குரங்கும் வௌவாலும் தின்னும், மனிதர் சீண்டமாட்டார்கள். விதையால் பெருகுவதால் அதன் பிள்ளைகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. பூஞ்சையோடு மல்லுக்கட்டி, எதிர்த்து நிற்கத் தெரிந்தவை தங்கின.

மலாய்த் தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் வளரும் அத்தகைய காட்டு வாழை ஒன்றுக்கு மலாக்காவின் பெயரால் 'மலாக்கன்சிஸ்' என்று பெயர். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டேல் தலைமையிலான குழு, அதிலிருந்து ஒரு காவல் மரபணுவை எடுத்து கேவண்டிஷில் சேர்த்தது. நோய் நிறைந்த நிலத்தில் நட்டுப் பார்த்ததில் அது தாக்குப்பிடித்ததை 2017-இல் அறிவித்தார்கள். 2024-இல் ஆஸ்திரேலிய அரசு அதைப் பயிரிடவும் உண்ணவும் அனுமதி வழங்கியது. இன்னொரு செய்தியும் கேளுங்கள். அந்த மரபணு கேவண்டிஷிடமே உண்டாம். ஆனால் மந்தமாகக் கிடக்கிறதாம். காவல்காரன் இருக்கிறான், தூங்குகிறான்! தைவானில் வேறு வழியாக, திசு வளர்ப்புக் கன்றுகளில் தற்செயலாகத் தோன்றும் மாற்றங்களைப் பொறுக்கி, ஓரளவு தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் கேவண்டிஷுக்கு நடக்கும் வைத்தியம். நம் ரஸ்தாளிக்கும் பெராங்கானுக்கும் இப்போதைக்கு நாமே காவல்.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் மூத்த இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகும். பிறகு காம்பு ஒடிந்து, இலைகள் மரத்தைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கும். நடு இலை மட்டும் சில நாள் பச்சையாக நிமிர்ந்து நிற்கும். சில மரங்களில் அடிப்பக்கம் நீளவாக்கில் வெடிக்கும். ஐயம் இருந்தால் அந்த மரத்தின் வெளிமட்டையைக் கத்தியால் கீறிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்புக் கோடுகள் ஓடினால் அவை அடைபட்ட குழாய்கள். கிழங்கை வெட்டினால் அதே நிறத்தில் புள்ளிகளும் வளையங்களும் தெரியும்.

வேறொரு நோயோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காயை அறுத்தால் உள்ளே துருப்பிடித்ததுபோல் சிவந்து அழுகியிருந்தால் அது பாக்டீரியாவால் வரும் இரத்த நோய். அதுவும் நம் நாட்டில் உண்டு. பூஞ்சை வாடலில் காயின் உட்புறம் நிறம் மாறுவதில்லை. தப்பித்தவறிப் பழுத்த பழத்தைத் தின்பதால் மனிதருக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை.

செம்பனை வேலை செய்பவர்கள், "எங்கள் மரத்தில் அடியில் காளான் முளைத்துச் சாய்கிறதே, அதுவும் இதுதானா?" என்று கேட்கக்கூடும். இல்லை. அது கானோடெர்மா, அடிமரத்தையே அழுக வைப்பது. செம்பனைக்கென்று பியூசேரியம் வாடல் ஒன்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அது இங்கே நுழையக்கூடாது என்பதற்காகவே அங்கிருந்து வரும் விதைகளைக் கட்டுப்பாட்டோடு சோதிக்கிறார்கள்.

கன்று கொடுப்பதும் வாங்குவதும்

இனிச் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. நோய் கண்ட தூரின் கன்று பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். நாலு மாதத்துக்கு உட்பட்ட கன்றில் பெரும்பாலும் அடையாளமே தெரியாது. ஆனால் கிழங்கின் வழியாகப் பூஞ்சை அதற்குள்ளும் போயிருக்கும்.

நம் மக்களிடம் கன்று கொடுப்பது ஓர் அன்பு. பெண் கொடுத்த வீட்டுக்கு ஒரு கன்று, தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோகிறவர்களுக்கு ஒரு கன்று. "இது எங்கள் ஆயா வைத்த தூர்" என்று சொல்லிக் கோணிப்பையில் மண்ணோடு சுற்றிக் கொடுப்போம். பூஞ்சைக்கு இதைவிட நல்ல வாகனம் வேறு உண்டா? கன்றும் போகிறது, வேர்மண்ணும் போகிறது. ஒரு லயத்தில் இருந்த நோய் இன்னொரு மாநிலத்துக்கே குடிபோகிறது.

திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் வாசலில் கட்டும் வாழையையும் எண்ணிப் பாருங்கள். குலையோடு வெட்டி, லாரியில் ஏற்றி, வேறு ஊருக்குக் கொண்டுபோகிறோம். விசேஷம் முடிந்ததும் கோயிலுக்குப் பின்னாலோ வாய்க்காலிலோ போட்டுவிடுகிறோம். அந்த மரம் நோயுற்றிருந்தால் மட்டைக் குழாய்களில் உள்ள பூஞ்சை அங்கே மண்ணில் இறங்கும். வாய்க்கால் நீர் அதைக் கீழேயுள்ள தோட்டங்களுக்கும் கொண்டுபோகும். மங்கலத்துக்கு வைத்த வாழை அடுத்தவர் கொல்லைக்கு அமங்கலமாகலாமா?

கன்று கேட்டவரிடம் 'இல்லை' என்று சொல்வது நம் வழக்கமல்ல, நாக்கு கூசும். ஆனால் "இந்தத் தூரில் வாடல் இருக்கிறது, அதனால்தான் தரவில்லை" என்று சொல்லுங்கள். அது கஞ்சத்தனம் அல்ல, பெரிய உதவி. அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.

ஆயா வைத்த தூருக்கே நோய் வந்துவிட்டால்? மனம் நோகத்தான் செய்யும். ஆனால் அதன் கன்றை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அந்த நோயும் கூடவே வரும். அந்தத் தூரை அங்கேயே முடிய விடுவதுதான் வழி.

செய்ய வேண்டியவை

ஒன்று: நோயுற்ற மரத்தைக் கிளறித் தோண்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இழுத்த வழியெல்லாம் மண் சிந்தும். அந்தத் தூரைச் சுற்றி கயிறு கட்டி, பிள்ளைகளும் கோழிகளும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விவசாய இலாகாவுக்குத் தெரிவித்து, எப்படி அழிப்பது என்று கேட்டுச் செய்யுங்கள். குவீன்ஸ்லாந்தில் களைக்கொல்லியை மரத்துக்குள் செலுத்திக் கொன்று, அங்கேயே துண்டாக்கி, யூரியா போட்டுப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிடுகிறார்கள். வெளியே எடுத்துப்போவதில்லை.

இரண்டு: அங்கே வேலை செய்த மண்வெட்டி, பாராங், காலணி எல்லாவற்றிலும் ஒட்டிய மண்ணை அங்கேயே சுரண்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மண் ஒட்டியிருக்கும்வரை எந்தக் கிருமிநாசினியும் உள்ளே இறங்காது. நல்ல தூரில் வேலையை முடித்துவிட்டு, நோய்த் தூரிடம் கடைசியாகப் போங்கள்.

மூன்று: நோய் கண்ட இடத்தில் மறுபடியும் வாழை வைக்காதீர்கள். மரவள்ளி, கீரை என்று வேறு ஏதாவது போடுங்கள். சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் கூச்சாய்க் கீரையை மாற்றிப் பயிரிட்ட வாழைத் தோட்டங்களில் வாடல் குறைந்ததை விவசாயிகள் முதலில் கவனித்தார்கள். பிறகு ஆய்வாளர்களும் உறுதி செய்தார்கள். புளிப்பு மண்ணில் நோய் கடுமையாகும். சுண்ணாம்பு இடுவது சற்றுத் தணிக்கும், ஒழிக்காது.

நான்கு: புதிதாக வைக்க விரும்பினால், நோய் இல்லாத நிலத்தில் திசு வளர்ப்புக் கன்றுகளை வாங்கி வையுங்கள். கண்ணாடிக் குப்பியில் சுத்தமாக வளர்த்தவை. நோயைச் சுமந்து வராது. ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். அவை நோயற்ற கன்றுகளே தவிர, நோயை எதிர்க்கும் கன்றுகள் அல்ல. பூஞ்சை உள்ள மண்ணில் வைத்தால் அவையும் வாடும்.

ஐந்து: "இதை ஊற்றினால் வாடல் போய்விடும்" என்று யாராவது புட்டியைக் காட்டினால் பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். குழாய்க்குள் புகுந்துவிட்ட இந்தப் பூஞ்சையைத் தீர்த்துக் கட்டும் மருந்து இதுவரை இல்லை.

ஆறு: ஒரே ரகத்தை வரிசையாக வைக்காமல் நாலு ரகத்தைக் கலந்து வையுங்கள். ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கக்கூடும். மத்திய அமெரிக்காவின் பெரிய பெரிய துரைமார் செய்யத் தவறியதை நம் கொல்லையில் நாம் செய்யலாம்.

மரத்துக்குள் நடக்கும் பந்தயத்தில் நாம் ஓட முடியாது. அது வாழைக்கும் பூஞ்சைக்கும் உள்ள வழக்கு. ஆனால் ஒரு கொல்லையிலிருந்து இன்னொரு கொல்லைக்கு அந்தப் பூஞ்சை போவதா வேண்டாமா என்பது நம் கையில் இருக்கிறது. வாழை மறுபடி மறுபடி தாமதமாகக் கதவைச் சாத்துகிறது. நாமாவது நேரத்தோடு சாத்துவோம்.

உங்கள் கொல்லையில் என்ன ரகம் வைத்திருக்கிறீர்கள், எது நிற்கிறது, எது சாய்கிறது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் மண்புழுவைப் பற்றிப் பார்ப்போம். வணக்கம்.